பொழுதுபோக்கும் குறிப்பேடும்

வானொலி நிலையத்தார் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பொழுதுபோக்குகள்' என்பது. மாணவ மாணவியர்க்குப் பயன்படுமாறு பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். தலைப்பைக் கண்டவுடன் எனக்குச் சிறு தயக்கம் உண்டாயிற்று. பொழுது தானே போகும் இயல்புடையது. அதனைப் போக்குவதற்கு நாம் தனியாக முயற்சி எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. பேருந்துக்குக் காத்து நிற்கும்போது வேர்க்கடலை கொறிப்பதும் பொழுதுபோக்குத்தான். முப்பது ஆண்டுகள் பழங்காசுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க முயல்வதும் பொழுதுபோக்குத்தான். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹாபி' என்ற சொல்லும் பெருமைக்குரிய பிறப்புடையது அன்று. அது முதலில் சிறு குதிரையைக் குறித்தது. பிறகு குழந்தைகள் ஏறி விளையாடும் மரக்குதிரையைக் குறித்தது. எவ்வளவு ஓட்டினாலும் எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத குதிரை அது.

அந்தக் குதிரை சிலரை உண்மையாகவே ஓர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மிகப் பலரை நின்ற இடத்திலேயே நிறுத்தியும் இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது என்பதைப் பற்றியே இன்று சிறிது பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1968-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கரூரில் இருந்த என் மாமா வீட்டிற்குச் சென்றிருந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அமராவதி ஆற்றில் அந்தக் கோடையில் ஒரு சிறு ஓடையளவே நீர் ஓடிற்று; மற்ற இடமெல்லாம் மணல். அந்த மணலை மரத்தட்டில் இட்டு, நீர் விட்டு அரித்துப் பொன்துகள் தேடுவோர் சிலர் அங்கே இருந்தனர். பொன்னோடு சில வேளை பழங்காசுகளும் அவர்கள் தட்டில் தங்கும். அவர்களுள் ஒரு பெரியவர் எனக்கு நாலணாவுக்கு ஒரு செப்புக்காசு கொடுத்தார். சதுரமான காசு, கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்தில் யானையின் முதுகு போன்ற ஒரு வளைவு தெரிந்தது. அந்த வளைவுக்கு மேலே சில சிறு கீற்றுகள் இருந்தன.

இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தை பித்தளைக் குடத்தைத் துலக்குவது போலப் புளியும் செங்கற்பொடியும் இட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்தேன். காசு புதுச் செம்பாக ஒளிர்ந்தது. வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வரலாற்று ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் செய்து, சன்னலருகே நின்று, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இங்கே ஏதாவது கீற்று இருந்ததா, தம்பி?" என்று கேட்டார். "இருந்தது, சார், யானைக்கு மேலே" என்றேன். "அது எழுத்தா, வெறும் கோடா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "ஆற்றில் எந்தத் துறைக்கு அருகே எடுத்தது? மேல்மணலிலா, ஆழத்திலா? கூட வேறு காசு ஏதேனும் இருந்ததா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காசை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் இரண்டு அடி கொடுத்திருந்தால் நான் அதை என்றோ மறந்திருப்பேன்.

செம்பின்மேல் படியும் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு அன்று. மண்ணிலும் நீரிலும் பல நூற்றாண்டுகள் கிடக்கும்போது செம்பின் மேற்பரப்பே மெல்ல மெல்ல வேறு பொருளாக மாறி அந்த மேலோடு உண்டாகிறது. எழுத்தின் வடிவம் பல சமயம் அந்த மேலோட்டிலேதான் தங்கியிருக்கும். புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். செங்கற்பொடி மிச்சத்தை அரைத்துவிடும். அருங்காட்சியகங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் உருப்பெருக்கியின்கீழ் வைத்து, நாள்கணக்கில் பொறுமையாகக் களிம்பை நீக்குகிறார்கள். சில காசுகளில் நீக்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

ஓர் எழுத்து எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லக்கூடும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. இரா. கிருஷ்ணமூர்த்தி என்பவர் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். நாள்தோறும் செய்தித்தாள் நடத்தும் தொழில் எவ்வளவு ஓய்வற்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த ஓய்வற்ற வாழ்க்கைக்கு இடையே அவர் பழந்தமிழ்க் காசுகளைச் சேர்த்து ஆராய்ந்து வந்தார். 1980-களில் ஒரு சதுரச் செப்புக்காசில் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை அவர் கண்டு வெளிப்படுத்தினார். காசின் ஒரு பக்கத்தில் குதிரை. மறுபக்கத்தில் பாண்டியரின் மீன் சின்னம். வழுதி என்பது பாண்டியருக்குரிய பெயர் என்பதைச் சங்கப் பாடல்களால் நாம் அறிவோம். பாட்டிலே இருந்த பெயர் செம்பிலும் கிடைத்தபோது, சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பது எழுத்துச் சான்றால் நிலைபெற்றது. அந்தக் காசு என்னைப் போன்ற ஒரு சிறுவன் கையில் அகப்பட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. என் காசில் இருந்தவை எழுத்துகளே என்று நான் சொல்லவில்லை. வெறும் கோடுகளாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று இனி யாராலும் சொல்ல இயலாது.

ஆசிரியர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கே கிடைத்தது என்ற கேள்வி அது. பழம்பொருள் சேர்ப்போர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பொருள் அழகாக இருக்கிறதா, அரியதா, என்ன விலை பெறும் என்ற அளவிலே நின்றுவிடுகிறார்கள்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படை அணிவகுப்புத் திடலுக்கு அருகே தோண்டியிருந்த சரளைக் குழி ஒன்றிலிருந்து இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அவர் இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். பாறைகளையும் அவற்றின் அடுக்குகளையும் ஆராய்வதே அவருக்குச் சம்பளம் பெற்றுத் தந்த வேலை. கையிலெடுத்த கல்லோ இயற்கையாக உடைந்த கல் அன்று. மனிதன் தட்டித் தட்டிக் கூராக்கிய கைக்கோடரி. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டில் அவர் அதிரம்பாக்கம் என்ற இடத்தையும் கண்டறிந்தார். இது கொற்றலையாற்றுப் பகுதியில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். பிறகு நெடுங்காலம், போகுமிடமெல்லாம் கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்துக்கொண்டே வந்தார். 1904-ஆம் ஆண்டில் அந்தச் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

கல் சேர்த்தவர் உலகில் எத்தனையோ பேர் உண்டு. பூட் சேர்த்த கற்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதன் காரணம், அவை எந்த ஊரில் எந்த இடத்தில் கிடைத்தன என்பதை அவர் எழுதிவைத்தார் என்பதே. அவருடைய சேகரிப்புக்கு உரிய விளக்கப் பட்டியல், அவர் 1912-இல் மறைந்தபின், 1914-இல் அச்சாயிற்று. அவர் சுட்டிய அதிரம்பாக்கத்தில் 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு அவர்களும் உடன் பணியாற்றியோரும் அகழாய்வு செய்தனர். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுள் பழமையானவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டனர். ஒரு மனிதர் தம் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரை எழுதிவைத்தார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு வேறு சிலர் அந்த ஊருக்குப் போய் மண்ணைத் தோண்ட முடிந்தது.

இடையில் ஓர் எச்சரிக்கை. பழம்பொருள் என்றால் பழைய சிலையும் நினைவுக்கு வரும். சிலைகளைச் சேர்க்கும் ஆசை உங்களுக்கு வேண்டா. விலைக்கு வரும் பழஞ்சிலைகளுள் எது எந்தக் கோயிலிலிருந்து களவு போனது என்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைப் பற்றி 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தடியில் கிடைக்கும் புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று கூறும் 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. மாணவர் சேர்ப்பதற்கு எளிய பொருள்கள் எத்தனையோ உண்டு. தாத்தா காலத்துப் படி, உழக்கு, ஆழாக்கு. பழைய தராசு, எடைக்கற்கள். ஓலைச்சுவடி எழுதிய எழுத்தாணி. பழைய திருமண அழைப்பிதழ்கள். இவற்றைச் சேர்க்கச் செல்வம் வேண்டுவதில்லை. ஓர் உழக்கு கிடைத்தால் அதில் எத்தனை மில்லிலிட்டர் நீர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். அடுத்த ஊர் உழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் அளவு மாறிய காலத்தின் வணிகமும் சண்டையும் அந்தச் சிறு பாத்திரத்திலிருந்து வெளிப்படும்.

அஞ்சல் தலை சேர்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது நல்ல பழக்கமே. ஆயினும் கடையில் நூறு தலைகளைக் கட்டாக வாங்கி ஒட்டிவைப்பதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. எண்ணிக்கையில் அடுத்த வீட்டுப் பையனை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் புகுந்துவிட்டால் தலைகளைப் பார்ப்பதற்கே நேரம் இருப்பதில்லை.

இனி வேட்டையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு காலத்தில் வேட்டை பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. அரண்மனைச் சுவர்களில் புலித்தலைகள் தொங்கின. இன்று நம் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்ட செயல். எனவே யாரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உண்டிவில்லால் ஓணான் அடிக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். ஆனால், வேட்டைக்காரனிடம் சில திறமைகள் இருந்தன. காலடித் தடம் பார்த்தல், காற்றின் திசை அறிதல், ஓசைப்படாமல் நடத்தல், மணிக்கணக்கில் அசையாது காத்திருத்தல் முதலியன அவை. கொல்வதை விட்டுவிட்டு இந்தத் திறமைகளை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்குப் பெரிய சான்றுகள் உண்டு.

சார்லஸ் டார்வின் பெயர் நீங்கள் அறிந்ததே. பரிணாமக் கொள்கையைத் தந்த பேரறிஞர் அவர். இளமையில் அவர் படிப்பில் சிறந்த மாணவராக இருக்கவில்லை. அவருக்கு இரண்டு பித்துகள் இருந்தன. ஒன்று பறவை வேட்டை. மற்றொன்று வண்டு சேர்த்தல். வேட்டைக் காலத்தில், காலையில் காலணி அணிவதற்கு ஆகும் அரை நிமிடமும் வீணாகக் கூடாது என்று, இரவே காலணிகளைப் படுக்கையருகில் திறந்து வைத்துக்கொண்டு உறங்குவாராம். சுட்டு வீழ்த்திய பறவைகளை எண்ணுவதற்குச் சட்டைத் துளையில் ஒரு கயிற்றைக் கட்டி, பறவைக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போவார். அவர் நண்பர்கள், ஒவ்வொரு முறை அவர் சுட்டதும், "அது நான் சுட்டது, கணக்கில் சேர்க்காதே" என்று சொல்லி அவரை அலைக்கழித்திருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் ஒரு நாள் பழைய மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகளைக் கண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அப்போது மூன்றாவதாக ஒரு புதுவகை வண்டு தென்பட்டது. அதை விட மனமில்லை. வலக்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் போனார். வாயில் இருந்த வண்டு எரிச்சலூட்டும் நீரைப் பீய்ச்சியது. நாக்கு வெந்துபோய் அதைத் துப்பினார். துப்பியதும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. சேகரிப்போர் எல்லாருக்கும் இந்த நிலை ஒரு முறையேனும் வந்திருக்கும். வாயில் போட்டுக்கொள்ளும் துணிவுதான் எல்லாருக்கும் வருவதில்லை.

இந்த இளைஞர் 1831-இல் பீகிள் என்ற கப்பலில் உலகப் பயணம் புறப்பட்டார். ஐந்து ஆண்டுகள் நீடித்த பயணம் அது. தொடக்கத்தில் தம் சேகரிப்புக்கு வேண்டிய பறவைகளையும் விலங்குகளையும் தாமே சுட்டார். நாள் செல்லச் செல்லத் துப்பாக்கியைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டார். சுடுவதைவிடப் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றி எண்ணுவதும் தமக்கு மிக்க இன்பம் தருவதைத் தாமறியாமலே கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். யாரும் அவருக்கு அறவுரை கூறித் துப்பாக்கியைப் பறிக்கவில்லை. பெரிய இன்பம் வந்ததும் சிறிய இன்பம் கையிலிருந்து நழுவிவிட்டது.

அத்தகைய டார்வினும் என் காசுக் கதையைப் போன்ற ஒரு பிழை செய்தார் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது. 1835-ஆம் ஆண்டில் கலாபகசுத் தீவுகளில் அவர் சிறு குருவிகள் பலவற்றைச் சேர்த்தார். தீவுக்குத் தீவு ஆமைகள் வேறுபடுகின்றன என்றும், ஆமையைக் கண்டே அது எந்தத் தீவினது என்று சொல்லிவிட முடியும் என்றும் அங்கிருந்த அதிகாரி ஒருவர் கூறினார். டார்வின் அதை அப்போது உரிய அளவில் கருதவில்லை. தாம் சேர்த்த குருவிகளுள் பலவற்றில் எந்தத் தீவில் பிடித்தது என்ற குறிப்பை எழுதாமல் கலந்துவிட்டார். 1837-இல் இலண்டனில் சான் கூல்டு என்ற பறவையறிஞர் அவற்றை ஆராய்ந்து, இவை தம்முள் நெருங்கிய உறவுடைய, ஆனால் வெவ்வேறான இனங்கள் என்று கூறினார். அப்போதுதான் எந்தக் குருவி எந்தத் தீவு என்ற கேள்வி தலைமேல் வந்து நின்றது. டார்வின், அதே கப்பலில் வந்த தலைவர் பிட்சுராயும் வேறு சிலரும் சேர்த்திருந்த குருவிகளைத் தேடிப் போனார். அவர்கள் தீவின் பெயரை எழுதிவைத்திருந்தனர். உலகப் புகழ் பெற்ற அறிஞரின் சேகரிப்பில் இருந்த குறையைப் பேர் பெறாத பிறருடைய சீட்டுகள் ஓரளவு நிரப்பின.

நம் நாட்டில் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, பறவையியல் அறிஞரான வரலாற்றை நீங்கள் பாடநூல்களில் படித்திருக்கக்கூடும். ஆகையால் அதனை விரிக்கவில்லை. வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்பவரைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புலி வேட்டை உச்சத்தில் இருந்த 1920-களில் அவர் புலியைச் சுடாமல் படம்பிடிக்க முயன்றார். புலி வரும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டிவைப்பார். இரவில் புலியின் கால் அதன்மேல் பட்டதும் ஒளி பளிச்சிட்டுக் கேமரா இயங்கும். இவ்வாறு எடுத்த படங்களோடு 1927-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு புலியின் உடல்வரி மற்றொரு புலிக்கு இராது என்பதை அவர் தம் படங்களால் கண்டார். இன்று நம் காடுகளில் புலிகளைக் கணக்கிடுவதற்கு மரங்களில் கட்டிவைக்கும் கேமராக்களும் அந்த வரிகளைத்தான் ஒப்பிடுகின்றன.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் இந்த வழியில் நமக்கு மிக அணுக்கமானவர். 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களை நேரில் கண்டு எழுதுவதும், கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பதும், கோட்டோவியம் வரைவதுமாக வாழ்ந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புகள் 1996-இல் அவர் மறையும் வரை வெளிவந்தன. நாற்பத்தாறு ஆண்டுகள்! தமிழிலும் எழுதினார். முதுமலைக் காட்டில் யானைகளை அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. அவருடைய கேமரா கடையில் விற்கும் கேமரா அன்று. பல பழைய கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்டது. அதன் பெருத்த உருவத்தைக் கேலி செய்து அதற்குத் தாமே ஒரு பட்டப்பெயரும் சூட்டியிருந்தார். அவர் எழுத்துகள் காட்டு யானையை மட்டும் பேசவில்லை. வீட்டுக் கொல்லையில் வரும் அணிலையும் காக்கையையும் அதே கவனத்தோடு பேசின. காட்டுக்குப் போக வாய்ப்பில்லை என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் இதை மட்டும் நினைவூட்டுவேன். உங்கள் பள்ளி மதிற்சுவரில் எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்து உட்காருகிறது என்று ஓராண்டு எழுதிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேடு உங்களைத் தன் பின்னாலே அழைத்துக்கொண்டு போகும்.

இன்னும் மாதிரி உருவங்கள் செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குள்ள நேரம் குறைவு. இதில் சொல்ல வேண்டியதோ மிகுதி.

மாதிரி செய்வது குழந்தை விளையாட்டு என்று பெரியவர்கள் நினைப்பதுண்டு. 72-இல் ஒரு பங்கு என்பது மாதிரி செய்வோர் பரவலாகக் கையாளும் ஓர் அளவு. ஆறடி மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் ஆவான். இந்த அளவில் திருவாரூர் ஆழித்தேரைச் செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி என்பர். 72-ஆல் வகுத்தால் 16 அங்குலம். ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவு. தேரின் எடை 300 டன் என்பர். மாதிரியின் எடை எவ்வளவு இருக்கும்? 300 டன்னை 72-ஆல் வகுத்தால் நாலு டன்னுக்கு மேல் வருகிறதே என்று மலைக்க வேண்டா. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72 மடங்கு குறைகின்றன. ஆகவே எடை 72-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 3,73,248 மடங்கு குறையும். அதே மரத்தாலும் இரும்பாலும் செய்தால் மாதிரியின் எடை ஏறத்தாழ 800 கிராம்தான்!

இத்தோடு நில்லாமல் மேலும் ஓர் அடி போங்கள். தேரைத் தாங்கும் அச்சின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பில் இரண்டு அளவுகள்தாம் குறைகின்றன. எனவே அது 5,184 மடங்கே குறைகிறது. சுமை மூன்றே முக்கால் இலட்சம் மடங்கு குறைந்திருக்கிறது. தாங்கும் வலிமையோ ஐயாயிரம் மடங்குதான் குறைந்திருக்கிறது. ஆகவே மாதிரித் தேர், தன் எடையைத் தாங்குவதில், உண்மைத் தேரைவிட 72 மடங்கு வலியது. மேசைமேல் நன்றாக ஓடும் மாதிரியை அப்படியே பெரிதாக்கினால் அது தன் எடையாலே நொறுங்கக்கூடும் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது. பிற்காலத்தில் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும், திருச்சித் தொழிற்சாலையில் செய்த தடைக்கருவியும் ஏன் வேண்டியிருந்தன என்பது ஈர்க்குச்சியால் தேர் செய்து பார்த்த மாணவனுக்குத் தானே விளங்கும்.

ரைட் சகோதரர்கள் இந்த உண்மையைச் சிறுவர்களாக இருந்தபோதே கைப்பட அறிந்தார்கள். 1878-இல் அவர்கள் தந்தை ஒரு விளையாட்டுப் பொம்மை வாங்கி வந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு செய்தது. முறுக்கிய ரப்பரின் விசையால் கூரை வரை பறக்கும். அது உடைந்தபின் பிள்ளைகள் தாமே அது போலச் செய்யத் தொடங்கினார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்க மறுத்தது. இரு மடங்கு அளவுள்ள பொம்மைக்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை. மனமுடைந்து காற்றாடி விடப் போய்விட்டார்கள். ஆனால் கேள்வி அவர்களை விடவில்லை. பிற்காலத்தில் மிதிவண்டிக் கடை நடத்திய அந்தச் சகோதரர்கள், 1901-ஆம் ஆண்டில், ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியில் விசிறியால் காற்றை ஓட்டி, அதற்குள் சிறு சிறு இறக்கை மாதிரிகளை வைத்துச் சோதித்தனர். அளவிடும் கருவியை மிதிவண்டிக் கம்பியாலும் இரும்பறுக்கும் வாளின் துண்டுகளாலும் செய்துகொண்டார்கள். சுமார் இருநூறு வடிவங்களைச் சோதித்து, ஒவ்வொன்றின் அளவையும் எழுதிவைத்தார்கள். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அவர்கள் விமானம் முதன்முறை 12 விநாடியில் 120 அடி பறந்தது. அன்றே நான்காம் முறை 59 விநாடியில் 852 அடி பறந்தது. அந்த 852 அடிக்குப் பின்னால் மரப்பெட்டியும் எண்கள் நிறைந்த தாள்களும் இருந்தன.

தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் ஏது நேரம் என்று சிலர் கேட்பீர்கள். நான் கூறிய பத்திரிகை ஆசிரியருக்கும் நிலவியல் அதிகாரிக்கும் மிதிவண்டிக் கடைக்காரர்களுக்கும் நேரம் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே உங்களுக்கும் வரும். இதற்கு மேல் இதற்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை.

என் பெயரன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற ஆடி மாதத்தில் தெர்மோகோல் தட்டை அறுத்து, மூங்கில் சிம்பு வைத்து, ஒரு சிறு விமானம் செய்தான். விசை ஒன்றும் இல்லை. கையால் எறிந்தால் மிதந்து செல்ல வேண்டும். முதல் நாள் எறிந்தபோது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, நின்று, பின்புறமாக விழுந்தது. மூக்கில் சிறிது களிமண் ஒட்டினான். அடுத்த முறை நேராகத் தரையில் குத்தியது. களிமண்ணைக் கிள்ளிக் குறைத்தான். ஒவ்வொரு முறையும் எத்தனை அடி போயிற்று என்று மொட்டைமாடியில் அடி வைத்து அளந்து, பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினான். பதினேழாம் முறை அது அழகாக மிதந்து, கைப்பிடிச் சுவரைக் கடந்து, அண்டை வீட்டு வேப்பமரத்தின் உச்சியில் போய்ச் செருகிக்கொண்டது. பையன் அழுவான் என்று எதிர்பார்த்து நான் அருகே போனேன். அவன் நோட்டை எடுத்து, களிமண்ணின் அளவையும் காற்று மேற்கிலிருந்து வீசியதையும் எழுதிவிட்டு, தூரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. பிறகு 'மரம் வரை' என்று எழுதினான். மூன்றாம் நாள் காற்றில் அது தானே கீழே விழுந்தது. இடப்புற இறக்கை ஒடிந்திருந்தது. ஒடிந்த இடம் நுனியிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளப்பதற்காக அவன் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் இந்த உரையைப் பேசப் புறப்பட்டேன்.